உரக்கடை அறிவுச்செல்வன் வாய் மூடிய கதை

திருப்பனந்தாள் கடைத்தெருவில் வீரையன் உரக்கடை எங்கே என்று கேட்டால் யாரும் கையைக் காட்டிவிடுவார்கள். வீரையன் என்பது கடைக்காரரின் அப்பா பெயர். அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று முடி தூக்கியவர் அவர். மகன் அறிவுச்செல்வன் விவசாய டிப்ளமோ முடித்து, அப்பா பெயரில் கடை வைத்து, பெரிய எழுத்தில் போர்டும் மாட்டினார். பெயரில் இருக்கிற அறிவும் செல்வமும் அவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று அவர் மனைவி எழில்மொழியிடம் ஒருமுறை கேட்டேன். “அதெல்லாம் இருக்கிற அளவுக்கு இருக்கு. வாய்தான் அளவில்லாம இருக்கு” என்றார்.

எங்கள் பக்கத்தில் பயிருக்கு நோய் வந்தால் ஆபீசரைத் தேடிப் போக மாட்டார்கள். நோய் பிடித்த பயிரில் ஒரு கொத்தைப் பிடுங்கி, கேரிபேக்கில் போட்டுக்கொண்டு, நேராக உரக்கடைக்கு வருவார்கள். கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடியே இலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து மருந்து சொல்வார். அறிவு அண்ணன் இந்த வேலையில் புயல். பையின் முடிச்சை அவிழ்ப்பதற்குள் மருந்து கல்லா மேல் வந்து உட்கார்ந்துவிடும்.

ஒருநாள் ரெங்கம்மாள் என்ற அம்மா கையில் பையோடு கடை வாசலில் ஏறினார். அண்ணன் எட்டிப் பார்த்தார். இலை நுனி பழுத்திருந்தது.

“சத்துக் குறைபாடுங்க. ஒண்ணும் பயப்படாதீங்க, ரெண்டு தெளிப்புல சரியாயிடும். எத்தனை மா நிலம்?”

“இது சாம்பாருக்கு வாங்குன முருங்கைக்கீரை தம்பி. பஸ்ஸு வர்ற வரைக்கும் நிழலுக்கு நிக்கலாம்னு ஏறினேன்.”

“கீரைக்கும் தெளிக்கலாம்” என்றாராம் அண்ணன்.

இந்த வேகம் பயிரோடு நிற்கவில்லை. மகளுக்கு வரன் அமையவில்லையா, மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளா, பையன் பரீட்சையில் கோட்டை விட்டானா, எல்லாவற்றுக்கும் அண்ணனிடம் கல்லாவிலேயே மருந்து உண்டு. பாதி வேலை செய்யும், பாதி செய்யாது. மருந்து பலிக்காதவர்கள் திரும்பி வந்து சண்டை போடுவதில்லை என்பதால், எல்லாமே வேலை செய்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த நம்பிக்கையை அசைத்தவர் பகலவன். எழில்மொழியின் அண்ணன், அதாவது அறிவு அண்ணனின் மச்சான். பொங்கலுக்கு ஊரில் கபடிப் போட்டி என்றால் மைக் பகலவன் கையில்தான். ஆட்டம் சுமாராக இருந்தாலும் அவர் வர்ணனைக்காகவே பக்கத்து ஊர்க்காரர்கள் வருவார்கள். கீழே விழுந்தவன் வேட்டியைக் கட்டிக்கொண்டு எழுவதைக்கூடச் செய்தி வாசிப்பதுபோல வாசிப்பார்.

அந்தப் பொங்கலுக்கு அவர் மைக்கைத் தொடவில்லை. தலைவலி என்றார். மாசியிலும் தலைவலி என்றார். சித்திரையில் அதைக்கூடச் சொல்லவில்லை.

ஊர் காரணம் தேட ஆரம்பித்தது. கிடைக்கவில்லை. அதுதான் எல்லாருக்கும் கோபம். சம்பா நன்றாக விளைந்திருந்தது. கடன் கிடையாது. குடி கிடையாது. மனைவி செவ்வந்தி அவரிடம் பாசமாகத்தான் இருந்தார். “நல்லா வெளைஞ்சுதே, அதான் கண்ணு பட்டிருச்சு” என்று ஒரு கட்சி. “நல்லா வெளைஞ்சுதே, அப்புறம் என்னடா கவலை உனக்கு?” என்று இன்னொரு கட்சி. இந்த இரண்டாவது கட்சிக்குத் தலைவர் நம் அறிவு அண்ணன்.

அவர் சும்மா இருப்பாரா. முதலில் சத்து டானிக் வாங்கிக் கொடுத்தார். அப்புறம் விடியற்காலையில் நடக்கச் சொன்னார். அப்புறம், மனசுக்கு மாற்றம் வேண்டும் என்று வாடகைக்குக் கார் பிடித்து, மச்சானை அதிராம்பட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கடலைக் காட்டினார். வழி நெடுக அண்ணன்தான் பேசினார். கடற்கரையில் இறங்கி மச்சானைக் கடலைப் பார்த்தபடி நிறுத்திவிட்டு, மருந்து வேலை செய்கிறதா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பகலவன் வெகுநேரம் கடலைப் பார்த்தார். “தண்ணி நெறைய இருக்கு” என்றார். காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

இதற்குப் பிறகுதான் அண்ணன் எங்கள் பயிற்சிக்கு வந்தார். நான் தஞ்சாவூரில் உளவியல் படித்து முடித்துவிட்டு, ஊர்களில் மனநலத் தன்னார்வலர்களைத் தயார் செய்யும் ஒரு சின்ன அமைப்பில் உதவிக்குச் சேர்ந்திருந்த நேரம். சனிக்கிழமைதோறும் வகுப்பு. நடத்துபவர் ஷைலஜா மேடம். மனநல ஆலோசகராகப் பல வருட அனுபவம். குரலை உயர்த்தவே மாட்டார்.

முதல் நாள் எல்லாரும் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். அண்ணன் எழுந்தார்.

“அறிவுச்செல்வன், திருப்பனந்தாள், உரக்கடை. என் மச்சானுக்கு டிப்ரஷன் மாதிரி இருக்குங்க. என்ன மருந்து?”

“உங்க மச்சானை நான் பாக்கலையே” என்றார் மேடம்.

அண்ணன் பாக்கெட்டில் இருந்து போனை எடுத்தார். இப்போதெல்லாம் விவசாயிகள் இலையைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அதே பழக்கத்தில் மச்சானின் போட்டோவைத் திறந்து, கண் பக்கம் பெரிதாக்கி, மேடத்திடம் நீட்டினார்.

“நல்லா பாருங்க. ஒரு வாட்டம் தெரியுதுல்ல?”

வகுப்பே சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்காமல் அந்தப் போட்டோவை நிதானமாகப் பார்த்தார். “வாட்டம் தெரியுது. ஏன்னு தெரியணும்னா அவர்தான் சொல்லணும். அவர் சொல்றதுக்கு யாராவது வாயை மூடிட்டு உக்காரணும். அதைத்தான் இங்க சொல்லித்தரப் போறோம்” என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பி, “இதுக்கு எதுக்கும்மா இத்தனை சனிக்கெழமை?” என்று கேட்டார்.

எதற்கு என்று அன்று மதியமே தெரிந்தது. இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் தன் வருத்தம் ஒன்றைச் சொல்ல, மற்றவர் யோசனை எதுவும் சொல்லாமல் கேட்க வேண்டும். எனக்கு ஜோடி அறிவு அண்ணன். நான் என் பூனை செத்துப்போனதைச் சொல்ல ஆரம்பித்தேன். சின்ன விஷயம்தான், ஆனால் உண்மையான வருத்தம்.

“வேற பூனை வாங்கிடலாம்” என்றார் அண்ணன்.

“அண்ணே, யோசனை சொல்லக் கூடாது.”

“யோசனை இல்லம்மா. எங்க தெருவுலயே குட்டி இருக்கு. அடுத்த சனிக்கெழமை எடுத்துட்டு வர்றேன்.”

எடுத்துக்கொண்டும் வந்தார். அட்டைப்பெட்டியில், சாம்பல் நிறத்தில். இப்போது என் மடியில்தான் தூங்குகிறது. ஆனால் அன்று அண்ணன் தேர்வில் தோற்றார்.

அந்த வகுப்புகளில் மேடம் சொன்னதை நான் படிப்பிலும் படித்திருக்கிறேன். ஆனால் அண்ணனுக்காக அவர் சொன்ன விதத்தில்தான் எனக்கே புரிந்தது. மனச்சோர்வு என்பது சோகம் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. அது நோய். காரணம் இருந்தும் வரும், இல்லாமலும் வரும். தூக்கம் கெடும், அல்லது தூங்கிக்கொண்டே இருக்கத் தோன்றும். சாப்பாடு பிடிக்காது. பிடித்த வேலை எதுவும் பிடிக்காது. ‘தைரியமா இரு’ என்று சொன்னால், அது முடியவில்லையே என்று இன்னும் கொஞ்சம் உடைந்துபோவார்கள்.

“நாலு மாசமா நான் அதைத்தானுங்க சொல்லிட்டிருக்கேன்” என்றார் அண்ணன். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவர் பேசவில்லை. டீ வந்தபோதுகூட.

அதன்பின் கற்றுக்கொண்டதைக் கடையில் பழக ஆரம்பித்தார். அதில் வியாபாரம் படுத்துவிட்டது. முருகையன் என்ற விவசாயி பையோடு வந்து இலையை நீட்டினார். அண்ணன் இலையைத் தொடவே இல்லை.

“சொல்லுங்கண்ணே.”

“என்னத்தச் சொல்ல? இலையைப் பாரு.”

“ம். இதைப் பாக்கும்போது உங்களுக்கு எப்படிண்ணே இருக்கு?”

“எனக்கு என்னடா? நான் நல்லாத்தான் இருக்கேன். நோய் பயிருக்கு.”

“ம்.”

“என்னடா ம்? மருந்து இருக்கா இல்லையா?”

“நீங்க கோவமா இருக்கிற மாதிரி தெரியுது.”

முருகையன் இலையைப் பையில் திணித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். போகும் வழியில் எழில்மொழிக்குப் போன் போட்டு, “அறிவுக்கு ஒடம்பு எதுவும் சரியில்லையா பாப்பா?” என்று விசாரித்தார்.

கடைசியாக ஒரு பாடம் இருந்தது. அதில்தான் எல்லாரும் திணறினார்கள். ஒருவர் மிகவும் சோர்ந்திருந்தால், ‘செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா’ என்று நேரடியாகக் கேட்க வேண்டும்.

“அப்படிக் கேட்டா, இல்லாத எண்ணம் வந்துடாதுங்களா?” என்று கேட்டார் அண்ணன்.

“வராது. எல்லாரும் அப்படித்தான் பயப்படறோம். நாம கேட்டு அது வர்றதில்லை. ஏற்கெனவே இருந்தா, இதைக்கூட ஒருத்தர்கிட்ட சொல்லலாம்போலன்னு அவங்களுக்கு ஒரு மூச்சு கிடைக்கும். சுத்தி வளைக்காம கேளுங்க.”

அன்றும் நான்தான் ஜோடி. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

“வந்தும்மா… உனக்கு… அதாவது அந்த மாதிரி… எதுவும்… வேற எதுவும் நெனப்பு… டீ சாப்பிடுறியா?”

திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். ஒவ்வொரு முறையும் டீயில் போய் முடிந்தது. “உரக்கடைக்காரன் வாயில அந்த வார்த்தை வரக் கூடாதும்மா” என்றார் என்னிடம். “எங்க கடையில என்ன அடுக்கி வெச்சிருக்கோம்னு உனக்குத் தெரியும்ல.” அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. எங்கள் பக்கத்தில் சாகப் போகிறவர்கள் எந்தக் கடையில் ஏறுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை.

ஆனி வந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் மண்ணியாற்றுக்கு வந்து, வாய்க்கால்களில் ஏறியது. குறுவை நடவு. உரக்கடைகளில் நிற்க இடமில்லை. ஊரே வயலில் நிற்க, பகலவன் வயலில் மட்டும் உழவுகூட ஓட்டவில்லை. செவ்வந்தி டிராக்டர் பேசியதற்கு, “அடுத்த வாரம் பாக்கலாம்” என்றாராம். அடுத்த வாரமும் அதையே சொன்னாராம்.

ஒருநாள் உச்சிவெயிலில் அறிவு அண்ணன் கடையில் கூட்டம் கலைந்திருந்தது. எதிர்க்கடையை விட்டு மறுபடி இங்கேயே வாடிக்கையாகிவிட்ட முருகையனும், வாங்கிய உரமூட்டையை வண்டியில் ஏற்றுவதற்கு ஆளைத் தேடி வெளியே போயிருந்தார். பகலவன் படியேறி வந்தார். சட்டை பொத்தான் மாறிப் போட்டிருந்தார்.

“மாப்ள, பூச்சி மருந்து ஒண்ணு குடு.”

“எந்தப் பயிருக்கு மச்சான்?”

இந்தக் கேள்வியை அண்ணன் யோசித்துக் கேட்கவில்லை. காலையில் இருந்து வருகிற எல்லாரிடமும் கேட்பதுதான். வாய் தானாகக் கேட்டது. கேட்ட பிறகுதான் காதில் விழுந்தது. மச்சான் வயலில் பயிர் கிடையாது.

பகலவன் மருந்து அடுக்கியிருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டு, “சும்மா, வீட்ல இருக்கட்டும்” என்றார்.

குறுவை நேரத்தில், பட்டப்பகலில், அண்ணன் எழுந்து போய்க் கடை ஷட்டரைக் கீழே இழுத்தார். மச்சானின் கையைப் பிடித்து யூரியா மூட்டை மேல் உட்கார வைத்தார். எதிர் மூட்டையில் தானும் உட்கார்ந்தார். சொல்வதற்கு வாயில் எவ்வளவோ வந்ததாம். செவ்வந்தியை நினைச்சுப் பாரு, பிள்ளையை நினைச்சுப் பாரு, நல்லா வெளைஞ்சுதே. எல்லாவற்றையும் விழுங்கினாராம். விழுங்கும்போது வலித்ததாம்.

“மச்சான், செத்துடலாம்னு தோணுதா?”

சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார். டீ வரவில்லை.

அப்போது பார்த்து ஷட்டரில் யாரோ படபடவென்று தட்டினார்கள்.

“டேய் அறிவு” என்றது முருகையன் குரல். “நடவு நேரத்துல ஷட்டரப் போட்டுட்டுத் தூங்குறியா? என் மூட்டை உள்ள இருக்குடா.”

பகலவன்தான் தலையைத் தூக்கினார்.

“மாப்ள, நான் அவரு மூட்டை மேலதான் உக்காந்திருக்கேன் போல.”

“உக்காரு மச்சான். அவரு நிப்பாரு.”

அப்புறம் பகலவன் சொன்னார். “தோணுது மாப்ள. தினமும் தோணுது. பொங்கலுக்கு முன்னாடிலேருந்து.” சொல்லிவிட்டு அழுதார். அதற்கப்புறம் பேச ஆரம்பித்தார். மைக்கைப் பார்த்தால் அது யாரோ ஒருவருடையதுபோல இருந்தது. காலையில் கண் விழித்ததும் இன்னொரு பகல் வந்துவிட்டதே என்று பயமாக இருந்தது. எல்லாரும் ‘என்ன ஆச்சு, என்ன ஆச்சு’ என்று கேட்டார்கள், ஆனதென்று ஒன்றும் இல்லாததால் பதில் சொல்லத் தெரியவில்லை. கடலுக்குக் கூட்டிப்போன அன்று மாப்பிள்ளை ஆசையாக முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம்; அதற்காகவாவது சிரிக்க வேண்டும் என்று எவ்வளவோ முயன்றாராம்.

“தண்ணி நெறைய இருக்குன்னு சொன்னேன். அதுக்கு மேல வரல மாப்ள.”

அறிவு அண்ணன் “ம்” என்றார். அவர் வாழ்க்கையிலேயே சரியான இடத்தில் சொன்ன முதல் ‘ம்’ அதுதான் என்று நினைக்கிறேன். இதை என்னிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. என் கண் எப்படி இருந்தது என்று சொல்லவே வேண்டாம்.

மச்சான் பேசி முடித்த பிறகு, அவர் எதிரிலேயே அண்ணன் ஷைலஜா மேடத்துக்குப் போன் செய்தார். அவரைத் தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கிற பூச்சி மருந்தையெல்லாம் அப்புறப்படுத்துங்கள், இன்றே டாக்டரிடம் வாருங்கள் என்றார் மேடம். செய்தி கேட்ட செவ்வந்தி வீட்டில் மிச்சமிருந்த மருந்து டப்பாக்களைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கடையிலேயே போட்டுவிட்டு, கணவர் பக்கத்தில் காரில் ஏறினார். ஷட்டர் திறந்தபோது முருகையன் ஏதோ கேட்க வாயெடுத்தவர், பகலவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “மூட்டை கெடக்கட்டும், நாளைக்கு எடுத்துக்கிறேன். நான் கடையப் பாத்துக்கிறேன், போங்கடா” என்றார்.

தஞ்சாவூர் போகிற வழியில் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. பாபநாசம் தாண்டியதும் பகலவன் மெதுவாகச் சொன்னார்.

“மாப்ள, நீ பேசாம வர்றது எனக்கு இன்னும் பயமா இருக்கு. எதாவது பேசு.”

அதற்கப்புறம் தஞ்சாவூர் வரை யார் பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மனநல டாக்டர் பகலவனிடம் தனியாக நிறைய நேரம் பேசினார். பிறகு எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு, மாத்திரையோடு பேச்சுச் சிகிச்சையும் வேண்டும், வேலை செய்யச் சில வாரம் ஆகும், நன்றாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்தக் கூடாது என்றார்.

“நட்ட பயிரு பச்சை புடிக்கிற மாதிரிங்க” என்றார் அண்ணன்.

“அப்படியே வெச்சுக்கங்க.”

“மேலுரம் மாதிரி ஊடால எதுவும் போடலாங்களா? எங்ககிட்ட சத்து டானிக் ஒண்ணு இருக்கு.”

“இவருக்கு எந்த டானிக்கும் வேணாம்” என்றார் டாக்டர். “உங்களுக்கு வேணும்னா நீங்க குடிங்க.”

மச்சான் சட்டென்று குணமாகிவிடவில்லை. குறுவை தவறிப்போனது. முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் மாற்றினார்கள். சில நாள் எழுந்தார், சில நாள் எழவில்லை. எழாத நாட்களில் அண்ணன் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், போனில் வந்த இலைப் போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐப்பசியில் பகலவன் சம்பா நட்டார். எல்லாருக்கும் பிந்தித்தான். ஆனாலும் நட்டார்.

இதை எழுதலாமா என்று பகலவன் அண்ணனிடமே போய்க் கேட்டேன். “எழுதும்மா. எனக்கு வந்தது நாலு பேருக்கு வரும், தெரியட்டும்” என்றவர், கொஞ்சம் யோசித்து, “ஆனா இவன் வாயை மூடுனான்னு எழுதாத, ஒருத்தனும் நம்ப மாட்டான்” என்றார்.

அன்று பகலவன் உரக்கடையில் யூரியா மூட்டை மேல்தான் உட்கார்ந்திருந்தார். கல்லாவில் 14416 என்ற மனநல உதவி எண் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே அறிவு அண்ணன். மருந்து கேட்டு வருகிற எல்லாரிடமும் ‘எந்தப் பயிருக்கு?’ என்று அவர் இப்போதும் கேட்கிறார். ஒரே வித்தியாசம், பதில் வரும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார். கடையில் வரிசை நீள்கிறது, முருகையன் திட்டுகிறார், அவர் அசைவதில்லை.

நான் கிளம்பும்போது ரெங்கம்மாள் பையோடு படியேறினார். அறிவு அண்ணன் பையைப் பார்த்தார். இலை தெரிந்தது. வாய் லேசாகத் திறந்து, மூடிக்கொண்டது.

பின்னால் யூரியா மூட்டை மேல் இருந்து, மெல்ல, எனக்கு மட்டும் கேட்கும்படி ஒரு குரல் வந்தது.

“ரெங்கம்மாள் பையோடு களத்தில் இறங்கிவிட்டார். உரக்கடை அணியின் அறிவுச்செல்வன் கபடி பாடுகிறார், பாடுகிறார்… இல்லை. வாயைத் திறக்கவில்லை. ரசிகப் பெருமக்களே, இன்னும் திறக்கவில்லை.”